கொத்தாமல் கிடந்தது

“…கட்டிதான் ஆட்டுது எண்டு நீங்க சொல்லுறீங்க, சரி, நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா பேச்சுப் போனதுக்கு மறுகா என்னோட கதைக்கிறது அந்த விரல் ஒண்டுதானே மிஸ்” என்றாள் பூமணி.

கட்டிலில் கிடந்த கணவனுக்கும் எனக்கும் நடுவில் அவள் நின்றாள். என் கையில் ஏற்ற வேண்டிய மருந்து இருந்தது. அவளுக்குப் பின்னால் தவராசாவின் வலது சுட்டுவிரல் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு துடிப்பு, சின்ன இடைவெளி, மறுபடி ஒரு துடிப்பு. காலையில் இருந்தே அப்படித்தான். பார்வையாளர் நேரம் என்பதால் வார்ட் முழுக்கச் சனம். பக்கத்துக் கட்டில்காரர்கள் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தபடியே எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தாதிப் பிள்ளைகளே, நான் பென்சன் எடுத்த பிறகு என்னைக் கண்டால் நீங்கள் கேட்பது, எந்த நோயாளியைக் காப்பாற்றியதை மறக்க முடியவில்லை என்பதைத்தான். காப்பாற்றிய ஆட்கள் எனக்கு அவ்வளவாக ஞாபகத்தில் இல்லை. அவர்கள் உடுப்பை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஞாபகத்தில் நிற்பது அந்த மத்தியானம் ஊசியோடு நான் நின்ற நிற்புத்தான். அதை விளங்கப்படுத்துவதென்றால் தவராசா முதன்முதலில் கிளினிக்குக்கு வந்த நாளில் இருந்து சொல்ல வேண்டும்.

அவன் வாவிக்கு, அவர்கள் பாஷையில் ஆத்துக்கு, அந்தப் பக்கம், படுவான்கரை ஆள். கைத்தூண்டில்காரன். வலை போடுகிறவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிற ஆள். தூண்டில் நூலைச் சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு தோணியில் இருப்பான். தண்ணீருக்கு அடியில் மீன் இரையைத் தொட்டால் விரலுக்குத்தான் முதலில் தெரியும். நூல் அறுத்து அறுத்து அந்த விரலின் நடுக்கணுவுக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் அது வெடிக்கும். தொழிலுக்குப் போய் வந்ததும் பூமணி அதில் தேங்காயெண்ணெய் பூசிவிடுவாள். கிளினிக்கில் காத்திருக்கிற வாங்கில் இருந்தபோதும் அவளுடைய பையில் மருந்துப் போத்தல் ஒன்றில் எண்ணெய் இருந்தது. தோணியை விட்டு இறங்கி நேரே வந்திருந்தார்கள். டொக்டர் கூப்பிடும் வரைக்கும் அவள் பூசிக்கொண்டிருந்தாள், அவன் கூச்சத்தோடு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு வருத்தம் ஒண்டும் இல்ல டொக்டர். இவதான் இழுத்துக்கொண்டு வந்தா. ஆத்துல மீன் ஏமாத்துது, அவ்வளவுதான்” என்றான் தவராசா.

“என்ன ஏமாத்துது?”

“கொத்துது. இழுத்துப் பாத்தா இரை அப்பிடியே கிடக்கு. மூணு நாலு மாசமா இதே வேலை.”

“மீன் இல்ல டொக்டர்” என்றாள் பூமணி. “தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிச்சிக்கொண்டு இரிக்கக்குள்ளயும் கொத்துது. கோப்பைக்குள்ள என்ன, கொடுவாயா கிடக்கு?”

வாங்கில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். டொக்டர் சின்னப் பெண், வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அவள் சிரிக்கவில்லை. “கொத்து விரலோட நிக்குமா, மேல ஏறுமா?” என்று கேட்டாள்.

“ஒரு நாள் முழங்கை மட்டும் ஏறிச்சு. பெரிய மீனாக்கும் எண்டு நூலை விட்டுக் குடுத்தன்.”

அன்றைக்கே ஸ்கேனுக்கு எழுதினாள். மூளையின் இடது பக்கத்தில், வலது கையை ஆளுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கட்டி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு என்றால் ஆள் விழுந்து வாயில் நுரை தள்ள வேண்டும் என்றுதான் நம் சனம் நினைக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். காத்தான்குடியில் இருந்து வந்த ஒரு கடைக்காரத் தாய், “சும்மா இரிக்கக்குள்ள பால் கருகுற மணம் வருது, அடுப்படிக்கு ஓடிப் பாத்தா அடுப்பே மூட்டல்ல” என்று சொன்னார். அதுவும் வலிப்புத்தான், மணத்தை அறிகிற இடத்தில் தொடங்குகிற வலிப்பு. இன்னொருவர், “நாக்குல பழைய செப்புக் காசு கிடக்கிற மாதிரி” என்றார். எனக்கு மூளையைப் பற்றி வகுப்பில் சொல்லித் தந்தது கொஞ்சம். மிச்சத்தை இந்தச் சனத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்துதான் படித்தேன். பிறகு டொக்டர்மார் விட்டுப்போன புத்தகங்களில் அதற்குப் பெயர் தேடினேன். நோயாளி “கொத்துது” என்றால் நீங்கள் கொப்பியில் “வலிப்பு” என்று எழுத அவசரப்படாதீர்கள். “கொத்துது” என்றே எழுதுங்கள். எங்கே தொடங்கிற்று, எங்கே போயிற்று என்பது அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கும்.

கட்டி ஏன் வலிப்பைக் கொண்டுவருகிறது என்று பூமணி என்னிடம் கேட்டாள். கட்டி தானாகத் துடிப்பதில்லை. துடிப்பது அதற்கு அயலில் இருக்கிற நல்ல மூளை. மூளையின் நரம்புக் கலங்களில், அதாவது செல்களில், சில மற்றதைத் தூண்டிவிடும், சில அடக்கி வைக்கும். இரண்டும் சமமாக இருக்கும் வரைக்கும் கை நாம் சொன்ன நேரத்தில் மட்டும் அசையும். இந்த வகைக் கட்டி, தூண்டிவிடுகிற இரசாயனத்தை அயலுக்குள் கசிய விடுகிறது. அடக்கி வைக்கிற கலங்களைக் கெடுக்கிறது. சுற்றிவர வீங்குகிறது, நெருக்குகிறது. அப்போது ஒரு சின்ன இடத்துக் கலங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தம் போடத் தொடங்குகின்றன. அந்தச் சின்ன இடம் விரலை ஆளுகிற இடமென்றால் விரல் துடிக்கும். சத்தம் பக்கத்துக்குப் பரவினால் மணிக்கட்டு, முழங்கை, வாய்க்கோணம். முழு மூளைக்கும் பரவினால் ஆள் விழுவான்.

மெதுவாக வளர்கிற கட்டிதான் அதிகம் வலிப்பைத் தரும் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. வேகமாக வளர்வது அயலை அழித்துக்கொண்டு போகும். மெதுவாக வளர்வது அயலை உயிரோடு வைத்து வருஷக்கணக்காகச் சீண்டிக்கொண்டிருக்கும். தவராசாவின் ஸ்கேனைப் பார்த்த பெரிய டொக்டர், இது மெதுவாக வளர்கிற வகையாகத்தான் தெரிகிறது, வேளைக்கு எடுத்தால் நல்ல காலம் கிடைக்கும் என்றார். அந்த விரல் எங்களுக்கு வேளைக்கே சொல்லிவிட்டது. நேரம் இருந்தது. நான் இன்றைக்கும் நித்திரையில்லாமல் நினைப்பது அதைத்தான்.

வலிப்புக் குளிசை தொடங்கினோம். குளிசை நன்றாக வேலை செய்தது. அதுதான் வினையாகிப் போயிற்று.

அடுத்த கிளினிக்குக்குத் தவராசா வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம். எனக்கு ஒரு கோர்வை மணலை மீன் கொண்டுவந்திருந்தான். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மேசைக்குக் கீழே வைத்தான்.

“கொத்தல மிஸ். ஒரு தரம்கூடக் கொத்தல. போயிட்டு.”

“அது குளிசை அமத்தி வச்சிருக்கு தவராசா. கட்டி அங்கேயேதான் இருக்கு. குளிசை கட்டியைக் கரைக்காது.”

“கொத்தாட்டிக் கீழ மீன் இல்லத்தானே மிஸ்.”

அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் அவனுக்கு வாவியின் அடியைக் காட்டியது அந்த விரல்தான். அது சும்மா இருந்தால் தோணியை வேறு இடத்துக்குத் தள்ளுவான். இப்போதும் அது சும்மா இருந்தது.

டொக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். வெளி மாவட்டத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒப்பரேசன் செய்ய வேண்டும், முழுவதையும் எடுக்க முடியாவிட்டாலும் எடுக்கக்கூடியதை எடுத்தால் வலிப்பும் குறையும், கட்டி வளர்வதும் பிந்தும் என்றாள். அவன் படத்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தான்.

“ஒப்பரேசன் செய்தா இந்தக் கை?”

டொக்டர் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “பலம் குறையலாம். எவ்வளவு எண்டு இப்ப சொல்ல ஏலாது. கூடிய மட்டும் கையைக் காப்பாத்தித்தான் செய்வாங்க” என்றாள்.

“அப்ப நான் என்னத்தால தூண்டில் பிடிக்கிற?”

கொத்தாவிட்டால் மீன் இல்லை என்று அவன் சொன்னதற்கு மறுமொழி பூமணியிடம்தான் இருந்தது. “இந்தாள் ஆத்துல கிடந்த எல்லாத்தையும் தூண்டிலால எடுத்துட்டாராமா? கேளுங்க மிஸ் இவர்ட்ட. விடியக் காத்தால ‘இதுக்குள்ள ஒண்டுமில்ல புள்ள’ எண்டு தோணியைத் திருப்புவார். அதே இடத்துல பின்னேரம் வலைக்காரன் தோளுயரக் கொடுவாயைத் தூக்கிக்கொண்டு போவான். கொத்தாம அங்கதானே கிடந்த?”

“வலைக்காரன்ட கதையை இஞ்ச எடுக்காத” என்றான் தவராசா. ஆனால் அவனும் சிரித்துவிட்டான். சிரித்தபடியே, “யோசிச்சுச் சொல்லுறன் டொக்டர்” என்று எழும்பினான்.

அவன் யோசிக்கப் போவதில்லை என்று மூன்று பெண்களுக்கும் தெரிந்தது.

நீங்கள் கேட்பீர்கள், பயப்படுத்தியிருக்கலாமே என்று. பயப்படுத்திப் பார்த்தோம். குடும்பத்து மூத்தவர்களைக் கூப்பிட்டுச் சொன்னோம். ஒரு ஆள் தன் கையை வைத்திருக்க ஆசைப்படுவதைப் பிழை என்று எப்படிச் சொல்வது? ஒப்பரேசன் செய்தால் கை போகலாம் என்பது இன்றைக்கு நடக்கிற விஷயம். செய்யாவிட்டால் கட்டி வேகமாக வளர்கிற வகையாக மாறும் என்பது எப்போதோ நடக்கிற விஷயம். இன்றைக்கு வலிக்காத ஒன்றுக்காக இன்றைக்கு வேலை செய்கிற கையைக் கொடு என்று கேட்கிறோம். நானென்றால் கொடுத்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. குளிசை கொடுக்கும்போதே, துடிப்பு நிற்பதும் கட்டி நிற்பதும் வேறு வேறு என்று அவரவர் தொழிலின் பாஷையில் சொல்லிப் பாருங்கள். நான் அதற்குப் பிறகு வந்த எல்லோருக்கும் சொன்னேன். சிலர் கேட்டார்கள்.

தனியே தோணியில் போகக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பூமணி அதற்கு ஒரு வழி கண்டாள். அவளும் ஏறினாள். தோணியின் மற்றத் தலைப்பில் அவனைப் பார்த்தபடி இருந்தாள். “எல்லாரும் தூண்டில் மிதப்பைப் பாக்க நான் அந்தாள்ர விரலைப் பாத்துக்கொண்டிருக்கன் மிஸ். விரலுக்குக் காவல்காரி” என்று கிளினிக்கில் சொல்லிச் சிரித்தாள். குளிசையை மீறி எப்போதாவது விரல் துடித்தால், நூலை அவள் கழற்றித் தன் கையில் சுற்றிக்கொள்வாள். துடிப்பு அடங்கியதும் திருப்பிக் கொடுப்பாள். ஊர் முழுக்க அவர்களைப் பார்த்துப் பகிடி பண்ணியது. கலியாணம் முடித்த கிழமை மாதிரி ஒரே தோணியில் திரிகிறார்கள் என்று. அந்த ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட காலம்தான் தன் சீவியத்தில் நல்ல காலம் என்று பூமணி என்னிடம் பிறகு சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை, தண்ணீர் குடிக்கப் போவது போல அப்பால் போனேன்.

அதற்குப் பிறகு வந்த கச்சான் காலத்தில், மேல்காற்று பலமாக வீசிய ஒரு நாள், கொத்து விரலில் நிற்கவில்லை. மணிக்கட்டு, முழங்கை, தோள், வாய். பிறகு முழு ஆளும். காற்றில் தோணி ஆடியது. புரண்டுவிடாமல் இருக்க அவள் அவன்மேல் படுத்துக் கிடந்தாள். பக்கத்துத் தோணிக்காரர் வந்து கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். கரையில் ஒருவர் அவன் கைக்குள் நங்கூர இரும்பைத் திணித்தார். இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று அந்த ஆளின் நம்பிக்கை. இரும்பு இருந்த கையோடுதான் எங்களிடம் வந்தான். சரித்துப் படுக்கவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கடவுள் புண்ணியத்தில் மூச்சு இருந்தது.

இந்த முறை ஸ்கேனில் கட்டி வேறு முகம் காட்டியது. மெதுவாக இருந்தது வேகமாக மாறிவிட்டது. அப்போது அவன் ஒப்பரேசனுக்கு ஒப்புக்கொண்டான். பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கக்கூடிய அளவை எடுத்தார்கள், பிறகு கதிர் கொடுத்தார்கள், வீக்கத்துக்கு மருந்து, கட்டிக்கு மருந்து. வலிப்புக் கொஞ்ச காலம் விலகி நின்றது. கை மெலிந்தது. அதைவிடப் பேச்சுக் குழம்பியது. மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் எடுப்பான், வேறு ஏதோ வரும். பிறகு அதுவும் வரவில்லை.

திருப்பி எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. பூமணி என்னைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தாள்.

“முதல் சொல்லக்குள்ளயே போயிருந்தா மிஸ்?”

இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். நீங்கள் எத்தனை வருஷம் வேலை செய்தாலும் அதற்குப் பழக மாட்டீர்கள். போயிருந்தால் பிழைத்திருப்பான் என்று சொன்னால் அவள் மிச்சச் சீவியம் முழுக்க அந்தத் தோணியில் ஏறியதற்காகத் தன்னைத் தின்பாள். போயிருந்தாலும் இதுதான் என்று சொன்னால் அது எனக்குத் தெரியாத விஷயம். “கூடக் காலம் கிடைச்சிருக்கலாம். எவ்வளவு எண்டு எனக்குத் தெரியா பூமணி. கட்டி வேகமா மாறியிருக்காது எண்டும் சொல்ல ஏலா” என்றேன். அவள் குழாயைப் பூட்டினாள். “அப்ப தெரியாமலே இரிக்கட்டும்” என்றாள்.

இப்போது ஆராய்ச்சிக்காரர் சொல்கிறார்களாம், கட்டிக் கலங்கள் மூளை நரம்புகளோடேயே தொடுப்புப் போட்டுக்கொள்கின்றன, மூளையின் சத்தத்தைக் கேட்டே வளர்கின்றன என்று. அப்படியென்றால் வலிப்பு கட்டியால் வருகிறது, கட்டியும் வலிப்பால் தீனி பெறுகிறது. அந்தத் தொடுப்பை அறுக்க மருந்து தேடுகிறார்கள். வரும். நீங்கள் சேவையில் இருக்கும்போது வரட்டும். தவராசாவின் கட்டிலுக்கு அது வந்து சேரவில்லை.

இனி அந்த மத்தியானம். அதற்கு முதல் நாள் பின்னேரம் விரலில் தொடங்கிய துடிப்பு முழு உடம்புக்கும் பரவி, அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அடக்கப் பெரும் பாடு பட்டோம். காலையில் விரல் மறுபடி தொடங்கி நிற்கவேயில்லை. டொக்டர் பார்த்துவிட்டு, பலமான மருந்தை ஏற்றச் சொன்னாள். அதை ஏற்றினால் துடிப்பு நிற்கும். ஆளும் ஆழ்ந்த நித்திரைக்குப் போவான். அவன் இருந்த நிலையில் திரும்பக் கண் திறப்பான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. டொக்டர் இதைப் பூமணியிடம் மறைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குக் கூப்பிட்டதால் போய்விட்டாள்.

நான் மருந்தோடு வந்தபோது பூமணி நடுவில் நின்றாள்.

“அது அவர் அசைக்கிறது இல்ல பூமணி. கட்டி அயலைச் சீண்டுது. நேற்று முழு உடம்பும் அடிச்சதும் இந்த விரல்ல இருந்துதான் தொடங்கினது. விட்டா திரும்பவும் ஏறும்” என்றேன்.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். கட்டிதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் பேச்சுப் போன பிறகு என்னோடு கதைப்பது அந்த விரல் ஒன்றுதானே என்று.

எனக்கு வேலை பழக்கிய தாதி ஒருவர், “ஊசி கையில் இருக்கும்போது ஆளோடு வாதாடாதே” என்பார். நான் வாதாடவில்லை. மருந்துத் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தேன். அவள் சொன்னதில் மருத்துவப் பிழை இருந்தது, வேறு பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த விரலை ஒரு வருஷத்துக்கு மேலாகத் தோணியின் மற்றத் தலைப்பில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். எப்போது துடிக்கும், எப்போது ஏறும் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். முடிவை அவளே எடுக்கட்டும் என்று நின்றேன்.

அவள் திரும்பி அவன் கையைப் பார்த்தாள். துடிப்பு மணிக்கட்டுக்கு ஏறியிருந்தது. வாய்க்கோணம் ஒரு தரம் இழுபட்டது.

நூலைக் கழற்றுகிற நேரத்தில் செய்வதைப் போல, அந்தச் சுட்டுவிரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்தினாள். என்னைப் பார்க்காமல் தலையை மட்டும் அசைத்தாள். நான் மற்றக் கையில் மருந்தை ஏற்றினேன். மணிக்கட்டு நின்றது. அவள் கைக்குள் விரல் நின்றது எனக்குத் தெரியவில்லை, அவள் முகத்தில்தான் தெரிந்தது. ஆனாலும் அவள் கையைத் திறக்கவில்லை. இன்னொரு முறை கொத்துமோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது, சனம் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டது, அவள் அப்படியே இருந்தாள்.

பிறகு கையைத் திறந்தாள். கட்டிலுக்குக் கீழே இருந்த பையை எடுத்து, அதில் இருந்து எண்ணெய்ப் போத்தலைத் தேடி எடுத்தாள். தன் விரல் நுனியில் ஒரு துளி விட்டு, அவனுடைய சுட்டுவிரலில் நூல் அறுத்த பள்ளத்துக்குள் பூசத் தொடங்கினாள்.